கணக்குப்படி இன்னும் உயிர் இருக்கிறது

மே மாதம் மூன்றாவது வாரம் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் எல்லோரும் கணக்கு வாத்தியார் ஆகிவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் 35 வாங்கித் தப்பித்தவன்கூட டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, "அவன் தோக்கணும், இவன் ஜெயிக்கணும், நாம அதிகமா தோக்காம இருந்தா போதும் மச்சி" என்று நெட் ரன்ரேட் போடுவான். அந்த வாரத்தில் எல்லா சேனலிலும் தவறாமல் ஒரு வாக்கியம் ஓடும்: கணக்குப்படி இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

எனக்கு அந்த 'கணக்குப்படி' மேல் ரொம்ப நாளாக ஒரு கண். அது யார் போட்ட கணக்கு? ஒரு அணி வெளியேறிவிட்டது என்பது எந்த நிமிடத்தில் உண்மையாகிறது? கடைசிப் பந்திலா, அதற்கு முன்னாலேயேவா, அல்லது வேறு ஏதோ ஊரில் வேறு யாரோ ஆடிய ஆட்டத்திலா? இதில் எனக்கு ஒரு சொந்த அக்கறையும் உண்டு. நான் ஸ்ரீரங்கத்துக்காரன். எங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு தமிழ்நாடு பிரீமியர் லீகில் ஒரு அணி ஆடுகிறது. 2023இல் அந்த அணி ஏழு மேட்ச் ஆடியது, ஏழிலும் தோற்றது. அந்த அணியிடம் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறது.

எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற ஒன்றிலிருந்து தொடங்கலாம். 2024 மே 18, பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம். முதல் எட்டு மேட்ச்சில் ஒன்றே ஒன்று ஜெயித்து, ஊரே சிரித்த ஆர்சிபி, அதற்குப் பிறகு வரிசையாக ஐந்து ஜெயித்து அன்றைக்கு வந்து நின்றது. எதிரில் சிஎஸ்கே. ஆர்சிபி 218 ரன். சிஎஸ்கே ஜெயிக்க 219 வேண்டும், ஆனால் ப்ளே-ஆஃப் போக 201 போதும். அதாவது மேட்ச்சைத் தோற்றுவிட்டு, ஆனந்தமாக அடுத்த சுற்றுக்குப் போகலாம். கிரிக்கெட் தெரியாத ஒருவருக்கு இதை விளக்கிப் பாருங்கள், நம்மைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

கடைசி ஓவரில் அந்த 201க்கு 17 ரன் தேவை. யஷ் தயாள் போட்ட முதல் பந்தை தோனி 110 மீட்டர் தூக்கி ஸ்டேடியத்துக்கு வெளியே அடித்தார். பந்து திரும்பி வரவில்லை. மழையில் நனைந்த தரையில் ஊறிக் கனத்திருந்த பந்து போய், காய்ந்த வேறொரு பந்து தயாளின் கைக்கு வந்தது. அடுத்த பந்தில் தோனி அவுட். அந்தச் சிக்ஸர்தான் தங்களைக் காப்பாற்றியது என்று பிறகு தினேஷ் கார்த்திக் சொன்னார். சிஎஸ்கே 191. இரண்டு அணிக்கும் 14 புள்ளி. நெட் ரன்ரேட் ஆர்சிபிக்கு 0.459, சிஎஸ்கேவுக்கு 0.392. இரண்டு மாதம், 14 மேட்ச், அதன் முடிவு தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண்களைப் பார்க்கிற அளவுக்கு வந்து நின்றது.

இந்த மாதிரி விளிம்பு சிஎஸ்கேவுக்குப் புதிது அல்ல. 2010இல் முதல் ஏழில் இரண்டுதான் ஜெயித்திருந்தார்கள். ஏப்ரல் 18 அன்று தர்மசாலாவில் பஞ்சாபுக்கு எதிராகக் கடைசி லீக் ஆட்டம், கடைசி ஓவரில் 16 வேண்டும். இர்ஃபான் பதான் பந்தில் தோனி அடித்த இரண்டு சிக்ஸரும், அதற்கப்புறம் தன் ஹெல்மெட்டிலேயே அவர் விட்டுக்கொண்ட குத்தும் இன்றைக்கும் ரீல்ஸில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வருடம் நான்கு அணிகள் தலா 14 புள்ளியில் முடித்தன. அவற்றில் இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. சிஎஸ்கே ஒரு வாரத்தில் கோப்பையையும் எடுத்துவிட்டது. ஆனால் 2010, 2024 இரண்டிலும் மட்டை அவர்கள் கையிலேயே இருந்தது. தங்கள் உயிருக்குத் தாங்களே ஆடினார்கள். எனக்கு அதைவிட 2012தான் முக்கியமானது.

2012 மே 17 அன்று சிஎஸ்கே அதே தர்மசாலாவில் பஞ்சாபிடம் தோற்று, தன் 16 மேட்ச்சையும் முடித்துவிட்டது. 17 புள்ளி. இனி ஆட எதுவும் இல்லை. ஆர்சிபியிடமும் 17 புள்ளி, ஆனால் ஒரு மேட்ச் பாக்கி. மே 20, ஞாயிற்றுக்கிழமை, ஹைதராபாதில் டெக்கான் சார்ஜர்ஸுக்கு எதிராக. ஜெயித்தால் 19, மழை வந்து நின்றால்கூட 18. தோற்றால் மட்டுமே நெட் ரன்ரேட், அதில் சிஎஸ்கே மேலே. டெக்கான் அதற்கு முன் ஆடிய 15இல் மூன்றுதான் ஜெயித்திருந்தது. வெளியேறி வெகுநாள் ஆகிவிட்ட அணி.

அன்றைக்கு என் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஒன்பது அணியின் புள்ளியையும் எழுதி வைத்துக்கொள்வது அவர் பழக்கம்.

"சித்தப்பா, டெக்கானை நம்பியா உட்கார்ந்திருக்கீங்க?"

"ஸ்டெயினுக்கு நாலு ஓவர் இருக்குடா. பேசாம பாரு."

டேல் ஸ்டெயின் நான்கு ஓவரில் எட்டு ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தார். டெக்கான் அடித்திருந்தது வெறும் 132. ஆர்சிபி 123இல் நின்றது. ஒன்பது ரன். சித்தப்பா அந்தத் தாளில் ஆர்சிபியை ஒரு கோடு போட்டு அடித்தார், தெருவில் யாரோ வெடி வைத்தார்கள். ஜெயித்தது ஹைதராபாத், வெடி வெடித்தது ஸ்ரீரங்கத்தில்! சிஎஸ்கே அதற்குப் பிறகு மும்பையை வென்று, சேப்பாக்கத்தில் முரளி விஜயின் 113இல் டெல்லியை அடித்து நொறுக்கி, இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவிடம் தோற்றது. அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

அதிகம் பேர் யோசிக்காதது டெக்கான் சார்ஜர்ஸைப் பற்றி. 2009 சாம்பியன்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆடியதுதான் அவர்கள் ஆடிய கடைசி ஆட்டம். அந்த செப்டம்பரில் பிசிசிஐ அந்த அணியின் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. அடுத்த வருடம் ஹைதராபாதுக்கு சன்ரைசர்ஸ் வந்துவிட்டது. ஒன்பதில் எட்டாவது இடம், போட்டியை விட்டு வெளியேறியாயிற்று, சில மாதத்தில் அணியே இல்லாமல் போகப்போகிறது. அப்படிப்பட்ட அணியின் கடைசி மூன்று மணி நேரம்தான் சென்னையின் வருடத்தை எழுதியது.

தன் உயிர் இன்னொருவர் மைதானத்தில் முடிவாவது கிரிக்கெட் கண்டுபிடித்த விஷயம் அல்ல. மலைக்கோட்டைக்கு இது பழைய கதை. 1751இல் ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிப்பும் மோதியபோது, முகமது அலியின் கையில் மிச்சம் இருந்த பெரிய இடம் திருச்சி ஒன்றுதான். வெளியே சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் முற்றுகை. உள்ளே கஜானா காலி. கணக்குப்படி உயிர் இருந்தது, அவ்வளவே. அப்போது கிளைவ் திருச்சிக்கு வரவில்லை, சில நூறு பேருடன் ஆற்காட்டைப் போய்ப் பிடித்தார். சந்தா சாகிப் தன் படையில் ஒரு பகுதியைப் பிரித்து மகன் ராசா சாகிப்போடு அங்கே அனுப்ப வேண்டியதாயிற்று. ஆற்காட்டில் அந்த முற்றுகை தோற்றபோது இங்கே திருச்சியின் பாயின்ட்ஸ் டேபிள் மாறிவிட்டது. 1752 ஜூனில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது எங்கள் ஸ்ரீரங்கம் தீவில்தான். சந்தா சாகிப் கொல்லப்பட்டார். (முகமது அலிக்கு உதவ வந்த மைசூருக்குப் பேசிய விலை திருச்சியே. ஜெயித்த பிறகு கொடுக்கவில்லை. மைசூர் கோபித்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து அதே கோட்டையை மறுபடி முற்றுகையிட்டது. கூட்டணி தர்மம் அன்றும் இப்படித்தான்.)

சரி, கணக்குக்கு வருவோம். 'கணக்குப்படி வெளியேறிவிட்டது' என்பதைக் கணிதக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்கள். பேஸ்பாலில் ஒரு அணி வருடத்துக்கு 162 மேட்ச் ஆடும். வெற்றி, தோல்வி, இரண்டே முடிவு. நெட் ரன்ரேட் மாதிரி எதுவும் கிடையாது. ஆகஸ்ட் முடியும்போது பத்திரிகைகள் யார் வெளியே, யார் உள்ளே என்று எழுதத் தொடங்கும். எழுதுகிற முறை நம் டீக்கடை முறைதான்: இதுவரை ஜெயித்ததோடு பாக்கி எல்லாவற்றையும் ஜெயித்ததாகக் கூட்டிப் பார், முதலிடத்தில் இருப்பவனைத் தொட முடிகிறதா?

இது போதாது என்பதற்கு, அல்காரிதம் வகுப்புகளில் இன்றும் காட்டுகிற ஓர் உண்மையான பட்டியல் இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 30, அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவு. நியூயார்க் 75 வெற்றி, பால்டிமோர் 71, பாஸ்டன் 69, டொரன்டோ 63. கடைசியில் டெட்ராய்ட், 49 வெற்றி, 27 மேட்ச் பாக்கி. பாக்கி 27ஐயும் டெட்ராய்ட் ஜெயித்தால் 76. நியூயார்க் இப்போது இருப்பது 75. நியூயார்க் படுத்துவிட்டால் டெட்ராய்ட் முதலிடம்! டீக்கடை முறைப்படி உயிர் இருக்கிறது.

இப்போது வேறு மாதிரி பாருங்கள். முக்கொம்பு தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். காவிரி அங்கே வந்து இரண்டாகப் பிரிகிறது, ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம். மேலிருந்து எவ்வளவு தண்ணீர் வந்தாலும் அது இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் போய்த்தான் ஆக வேண்டும். நடுவில் காணாமல் போகாது. கிரிக்கெட்டோ பேஸ்பாலோ, இரண்டு அணிகளுக்கு இடையில் ஒரு மேட்ச் பாக்கி என்றால் அது ஒரு குடம் தண்ணீர். அந்தக் குடம் இரண்டு வாய்க்காலில் ஒன்றில் விழுந்தே தீரும்.

டெட்ராய்ட் 76இல் முடித்து முதலிடம் பெற வேண்டுமானால், வேறு யாரும் 76ஐத் தாண்டக் கூடாது. அப்படியானால் நியூயார்க் வாய்க்காலில் இன்னும் ஒரு குடத்துக்குத்தான் இடம். பால்டிமோரில் ஐந்து, பாஸ்டனில் ஏழு, டொரன்டோவில் பதின்மூன்று. மொத்தம் 26 குடம். இந்த நான்கு அணிகளும் தங்களுக்குள் ஆட வேண்டிய மேட்ச் எத்தனை? நியூயார்க்கும் பாஸ்டனும் எட்டு, நியூயார்க்கும் டொரன்டோவும் ஏழு, பால்டிமோரும் டொரன்டோவும் ஏழு, நியூயார்க்கும் பால்டிமோரும் மூன்று, பால்டிமோரும் பாஸ்டனும் இரண்டு. கூட்டினால் 27. இருபத்தேழு குடத்தை இருபத்தாறு குடம் பிடிக்கிற வாய்க்கால்களில் ஊற்ற முடியாது. எப்படித் திருப்பினாலும் ஒரு குடம் கரையைத் தாண்டும். டெட்ராய்ட் ஏற்கெனவே போய்விட்டது. பாக்கி 27ஐயும் ஜெயித்தாலும் போனது போனதுதான். யார் அவர்களை வெளியேற்றினார்கள் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்ல முடியாது. நான்கு பேர், தங்களுக்குள் இன்னும் ஆடாத ஆட்டங்களால், சேர்ந்து வெளியேற்றிவிட்டார்கள். (அந்த வருடம் டெட்ராய்ட் கடைசியில் 53 வெற்றி, 109 தோல்வி என்று முடித்தது.)

இந்த உதாரணத்தில் மொத்தக் கூட்டலே காட்டிக்கொடுத்துவிட்டது. எப்போதும் இவ்வளவு சுலபமாக இருக்காது. மொத்தத்தில் இடம் இருக்கும், ஆனால் குறிப்பிட்ட இரண்டு வாய்க்காலுக்கு மட்டும் தாங்க முடியாத தண்ணீர் வரும். அந்த இரண்டைத் தேடிப் பிடிப்பதற்கு வலைப்பின்னல்களில் உச்ச ஓட்டம் காண்கிற முறை தேவை, மேக்ஸ் ஃப்ளோ என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் அலுத்துக்கொள்வார்களே, அது. 1966இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் பேஸ்பால் கேள்வியை இந்த முறையில் தீர்க்கலாம் என்று காட்டினார்.

அந்த முறை எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவாரசியம். 1955இல் ஹாரிஸ், ராஸ் என்ற இருவர் ராண்ட் நிறுவனத்துக்காக ஒரு ரகசிய அறிக்கை எழுதினார்கள். சோவியத் யூனியனிலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்கு ரயிலில் அதிகபட்சம் எவ்வளவு சரக்கு அனுப்ப முடியும், எந்தெந்தப் பாதைகளை அறுத்தால் எல்லாம் நிற்கும் என்பது கேள்வி. ஃபோர்டும் ஃபுல்கர்சனும் அதை எடுத்துக்கொண்டு, எவ்வளவு ஓடும் என்பதும் எங்கே அறுந்தால் நிற்கும் என்பதும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கம் என்று நிறுவினார்கள். அறிக்கையின் ரகசியம் நீங்கியது 1999இல்தான். குண்டு எங்கே போடுவது என்று யோசித்த கணக்கு, பத்தே வருடத்தில் டெட்ராய்ட் மாதிரி அணிகளுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் பயன்பட்டது. ரயில்வேக்காரரான என் சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "பின்ன? லைன் பிளாக் ஆனா எங்கே பிளாக் ஆச்சுன்னுதானே முதல்ல பார்ப்போம்" என்றார், பெரிய வியப்பு ஒன்றும் இல்லாமல்.

நம் ஊர் லீகுகளில் கணக்கு இன்னும் கொஞ்சம் சிக்கல். முதலிடம் வேண்டாம், முதல் நாலில் வந்தால் போதும். அப்படியென்றால் நமக்கு மேலே எந்த மூன்று பேரை விட்டுவிடுவது என்று முதலில் தேர்ந்தெடுத்து, மிச்சம் இருப்பவர்களுக்கு மட்டும் வாய்க்கால் போட வேண்டும். அணிகள் அதிகமானால் இது பொதுவாகக் கடினமான வகைக் கணக்கு. ஆனால் எட்டு அணி என்றால் மூன்று பேரைத் தேர்வு செய்ய 35 வழிதான், பத்து அணி என்றால் 84. லேப்டாப் கண் சிமிட்டுவதற்குள் முடித்துவிடும். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து நானே எழுதினேன், நூறு வரிகூட வரவில்லை. மழை வந்து ஆளுக்கொரு புள்ளி பிரித்துக்கொண்டாலும் பிரச்சினை இல்லை, ஒரு மேட்ச்சுக்கு இரண்டு குடம் என்று வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். கால்பந்துதான் பாவம். ஜெயித்தால் மூன்று, டிரா என்றால் ஒன்று ஒன்று என்று மாற்றியதில் ஒரு மேட்ச்சின் மொத்தத் தண்ணீரே சில நாள் மூன்று குடம், சில நாள் இரண்டு குடம் என்றாகிவிட்டது. அந்த விதியில் எலிமினேஷன் கணக்கு அணிகள் பெருகப் பெருக நடைமுறையில் கைக்கு அடங்காது என்று 1999இல் நிரூபித்திருக்கிறார்கள்.

புரோகிராம் எழுதும்போது ஒன்று கண்ணில் பட்டது. வெளியேறிவிட்ட அணியை இனி எதற்கு என்று இன்புட்டிலிருந்து நீக்கிவிட்டு ஓட்டினால், மற்ற எல்லா அணிகளின் விடையும் கெட்டுப்போகும். டெக்கானை அழித்துவிட்டு 2012 மே 20க்குக் கணக்குப் போட முடியாது.

அமெரிக்காவிலும் அப்படி ஓர் இரவு உண்டு. 2011 செப்டம்பர் 28. அந்த மாதத் தொடக்கத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், தம்பா பே ரேஸைவிட ஒன்பது ஆட்டம் முன்னால் இருந்தது. பிறகு செப்டம்பரில் ஆடிய 27இல் ஏழுதான் ஜெயித்தது. கடைசி நாள் இரண்டு அணியும் சமம். பாஸ்டன் ஆட வேண்டியது பால்டிமோருடன், அந்த வருடம் 93 தோல்வியுடன் பிரிவிலேயே கடைசி இடம். பாஸ்டன் 3-2 என்று முன்னால் இருந்தது, இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் பாக்கி. அங்கிருந்து பால்டிமோர் இரண்டு ரன் எடுத்து 4-3 என்று முடித்தது. சில நிமிடத்தில் வேறொரு ஊரில், 0-7 என்று பின்தங்கியிருந்த தம்பா பே பன்னிரண்டாவது இன்னிங்ஸில் எவான் லொங்கோரியாவின் ஹோம் ரன்னில் 8-7 என்று ஜெயித்தது. பாஸ்டன் வெளியே. பால்டிமோர் வீரர்கள் கோப்பையே வாங்கியதுபோல் மைதானத்தில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அவர்களுக்கு அன்றோடு சீசன் முடிந்தது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 1982 உலகக் கோப்பையில் ஸ்பெயினின் ஹிஹோன் நகரத்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதியபோது, ஜெர்மனி ஓரிரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு அணியும் உள்ளே, ஆட்டத்தை முன்னாளே முடித்துவிட்ட அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. மிச்ச நேரமெல்லாம் இரண்டு அணியும் பந்தை நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகுதான் குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் உலகக் கோப்பைக்கு வந்தது. பணமோ மேட்ச் ஃபிக்ஸிங்கோ வேண்டியதில்லை, சும்மா சோம்பலாக ஆடினாலே மூன்றாவது ஒருவனைக் கொல்லலாம். எங்கேயும் போக வழியில்லாத அணி அன்று மாலை எவ்வளவு முனைப்பாக ஆடுகிறது என்பதில் ஒரு லீகின் மொத்த நாணயமும் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த முனைப்பை யாரும் விதியாக எழுதி வைக்க முடியாது.

இப்போது எங்கள் ஊர் அணி. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் டிஎன்பிஎல்லை 2016இல் தொடங்கியது. எட்டு அணி, தலா ஏழு லீக் ஆட்டம், முதல் நான்கு மேலே போகும். திருச்சி முதல் வருடம் கிடையாது. ரூபி காஞ்சி வாரியர்ஸ் என்று இருந்த அணி அடுத்த வருடம் ரூபி திருச்சி வாரியர்ஸ் ஆனது. 2023இல் உரிமை மாறி பால்ஸி திருச்சி. 2024இலிருந்து திருச்சி கிராண்ட் சோழாஸ். சோழர் பெயர் வைக்க இத்தனை வருடம் எப்படித் தாமதித்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். பெயர் மாறியதே தவிர ஒன்று மாறவில்லை. லீக் நடக்கிற மைதானங்கள் சேப்பாக்கம், திண்டுக்கல் பக்கம் நத்தம், திருநெல்வேலி, கோவை, சேலம். திருச்சியில் ஒரு டிஎன்பிஎல் ஆட்டம்கூட நடந்ததில்லை. திருச்சி அணியைப் பார்க்க வேண்டுமானால் திருச்சிக்காரன் பஸ் ஏற வேண்டும்.

2021இல் அந்த அணி கோப்பைக்கு மிக அருகில் போனது. கொரோனாவால் தொடர் முழுவதும் சேப்பாக்கத்திலேயே நடந்தது. ஆகஸ்ட் 15 அன்று சேப்பாக் சூப்பர் கில்லீஸுடன் இறுதி ஆட்டம். ஜெகதீசன் 90 அடித்தார், சேப்பாக் 183. திருச்சி கடைசி வரை துரத்தி எட்டு ரன்னில் தோற்றது. அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த ஏழுக்கு ஏழு.

ஏழு ஆட்டம் என்பது எவ்வளவு குறைவு என்று யோசித்துப் பாருங்கள். ஐபிஎல்லில் எட்டில் ஏழு தோற்ற ஆர்சிபிக்குத் திரும்பி வர இன்னும் ஆறு இருந்தது. டிஎன்பிஎல்லில் ஐந்து தோற்றால் அதற்கு மேல் அதிகபட்சம் நான்கு புள்ளி, சித்தப்பாவின் காலண்டர் தாள்கூட வேண்டாம். 2023இல் ஜூனில் தொடங்கி ஜூலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐந்தாவது தோல்விக்கும் கடைசி ஆட்டத்துக்கும் நடுவில் இருக்கிற நாட்களில், வேறு ஊர் ஹோட்டலில், அந்த அணியின் பையன்கள் காலையில் எழுந்து நெட் பயிற்சிக்குப் போக வேண்டும்.

என் புரோகிராமில் அந்த வருடத்தைப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 28 ஆட்டம், 56 புள்ளி. திருச்சியைத் தொட்டுப் போனது 14. ஏழு அணியும் திருச்சியை வென்றுவிட்டதால், ஏழு பேருக்கும் ஆளுக்கு இரண்டு. எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தது யாரையும் மேலே கொண்டுபோகாது, கீழேயும் இறக்காது. புள்ளிக் கணக்கில் பார்த்தால் திருச்சி அந்த வருடம் ஆடவே இல்லை என்றாலும் வரிசை மாறாது. ஆனால் நெட் ரன்ரேட்டில் அப்படி இல்லை. திருச்சியை ஒருவன் இருபது ரன்னில் ஜெயித்தானா, ஒரே ஓவர் மிச்சம் வைத்து ஜெயித்தானா, பத்து ஓவரில் முடித்தானா என்பதில் ஏழு அணிக்கும் வித்தியாசம் வருகிறது. தோற்பது உறுதியான பிறகு பதினெட்டாவது ஓவரில் எல்லைக்கோட்டில் விழுந்து ஒருவன் தடுக்கிற நான்கு ரன், அவனுடைய அணிக்கு எந்தப் பயனும் தராமல், வேறு யாருடைய நான்காவது இடத்திலோ போய்ச் சேர்கிறது.

அந்தப் பையன் விழுந்து தடுப்பதற்கு வேறு காரணமும் உண்டு. டிஎன்பிஎல் இருப்பதே யாராவது பார்ப்பார்கள் என்பதற்காக. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன், 2016 முதல் சீசனில் திண்டுக்கல்லுக்காகப் போட்ட யார்க்கர்களால்தான் அடுத்த வருட ஏலத்தில் பஞ்சாபிடம் மூன்று கோடிக்குப் போனார். வருண் சக்கரவர்த்தி 2018இல் மதுரைக்கு ஆடினார், அதே வருட முடிவில் 8.4 கோடி. சாய் சுதர்சனை குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்திருந்தபோது, 2023இல் டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம். ஒரு இரவில் வாழ்க்கை மாறுகிற தூரத்தில்தான் எல்லோரும் ஆடுகிறார்கள். பாயின்ட்ஸ் டேபிளில் செத்துப்போன ஆட்டம் அந்தப் பையனுக்குச் செத்த ஆட்டம் அல்ல. சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு முதல் வாய்ப்பு கிடைப்பதே பெரும்பாலும் அணி வெளியேறிய பிறகுதான். அணி கணக்கிலிருந்து போகிற அன்றைக்கு அவன் கணக்குக்குள் வருகிறான்.

ஆனால் இதிலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு தனக்காக ஆடுகிறான், ஊர் அங்கே இல்லை. 2012 மே 20இல் ஹைதராபாத் மைதானத்திலாவது ஹைதராபாத்காரர்கள் இருந்தார்கள். வேறு எதற்கும் இல்லாவிட்டாலும், தோற்கிற அணியை நேரில் திட்டுவதற்காகவாவது ஓர் ஊருக்குத் தன் மைதானத்தில் ஒரு ஆட்டம் வேண்டும். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு தெரு முழுக்க அந்த ஏழு தோல்விக்குத் திட்டியிருந்தால், அது திருச்சி அணி என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்திருக்காது.

2025இல் திருச்சி நான்காவதாக உள்ளே நுழைந்தது. எலிமினேட்டர் நத்தத்தில், திண்டுக்கல்லின் சொந்த மைதானத்தில், திண்டுக்கல்லுக்கு எதிராகவே. திருச்சி 140 அடித்தது. அஸ்வின் மூன்று விக்கெட் எடுத்துவிட்டு, தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 48 பந்தில் 83. அதோடு முடிந்தது. நான்கு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல்லைத் திருப்பூர் சுருட்டிக் கோப்பையை எடுத்தது. 2023இல் ஒரு புள்ளியும் இல்லாத திருச்சி அணியில் இருந்த நடராஜன், அந்தத் திருப்பூர் அணியில் இருந்தார்.